நூற்றறுபத்தொரு சுற்று

கிரான்பர்ன், மெல்பேர்ண்
15.10.2024

அன்பின் அத்தானுக்கு,

நானும் மகள் லக்சிகாவும் நலம். உங்களையும் அக்காவையும் முருகன் சுகமாக வைத்திருப்பான் என்று நம்பித்தான் பேனையைத் திறக்கிறேன்.

தோற்றுவிட்டேன்.

விதிப்படி அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். சுகம் விசாரிப்பதற்குப் பின்னால் ஒளித்து வைத்தேன் என்று குற்றம் பிடிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணித்தியாலத்துக்கு மேல் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன். பாத்தர்ஸ்ட் கார் ரேஸில் மலையை நூற்றறுபத்தொரு தரம் சுற்றி, ஆயிரம் கிலோமீற்றர் ஓடி, கடைசியில் என் கட்சி ஃபோர்ட் பின்னால்தான் வந்தது. இது ஐந்தாவது வருடம். 2019இல் நாங்கள் வென்றபோது நீங்கள் எழுதிய தோல்விக் கடிதம் இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. மனம் சரியில்லாத நாட்களில் எடுத்து வாசிப்பேன்.

லக்சிகா கேட்கிறாள், "ஒரு மெசேஜ் போட்டா முடியிற வேலைக்கு ஏனப்பா முத்திரை ஒட்டுறீங்கள்?" என்று. தோற்றவன் முதலில் எழுத வேண்டும், தன் கையால் எழுத வேண்டும், ரேஸ் பற்றிப் போனில் மூச்சு விடக்கூடாது என்று நாங்கள் இருவரும் போட்ட விதி அவளுக்கு எங்கே விளங்கப் போகிறது.

ஆனாலும் அத்தான், ஒரு நியாயம் கேட்கிறேன். வென்றது கமாரோ என்கிற அமெரிக்கக் கார். உங்கள் ஹோல்டன் இந்தப் போட்டியை விட்டுப்போய் இரண்டு வருடமாகிறது. அந்தப் பெயரில் இனிக் கார் கூட இல்லை. கமாரோ வென்றால் நீங்கள் வென்றதாக எப்படிக் கணக்கு?

இன்னொன்று. மலைக்கு இரண்டு பேரும் ஒருமுறை சேர்ந்து போவோம் என்று இருபத்துமூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஒரு வருடம் எனக்கு வேலை, ஒரு வருடம் உங்களுக்குப் பிள்ளைகளின் சோதனை. இனி எங்களுக்கு என்ன வேலை? அடுத்த ஐப்பசியில் போவோம்.

அக்காவுக்கு என் அன்பு.

இப்படிக்கு, தோற்றவன்
இந்திரகுமார்


வென்ட்வேர்த்வில், சிட்னி
2.11.2024

அன்பின் இந்திரன்,

உன் கடிதம் கிடைத்தது. உன் அக்கா சிவனேஸ்வரி நலம். நானும் அவளுடைய சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு நலமாகத்தான் இருக்கிறேன்.

உன் தோல்வியை ஏற்றுக்கொண்டேன். கோப்பில் போட்டாயிற்று.

கமாரோவைப் பற்றிக் கேட்டாய். ஹோல்டன் இனி இல்லை என்று செய்தியில் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அக்கா செத்த வீட்டுக்குப் போய் வந்தவரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். கமாரோவை ஹோல்டன் என்று என் வாயால் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் அது ஃபோர்டை எதிர்த்து ஓடுகிறது. அதனால் அதற்கு என் வீட்டில் ஒரு கதிரை உண்டு. உனக்கு இவ்வளவு விளக்கம் போதும்.

மலைக்குப் போவோம். என் வெள்ளை ஹோல்டன் கொமடோரில்தான் போவோம். நான் ஓட்டுவேன், நீ பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்து வர வேண்டும். உன்னை ஸ்டியரிங் பிடிக்க விடமாட்டேன். நீயும் ஹோல்டன் ஸ்டியரிங்கில் கை வைக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணியவன்தானே.

பேனை சரியில்லை. எழுத்துச் சின்னதாக வருகிறது. இத்துடன் நிறுத்துகிறேன்.

அன்புடன்,
வரதராஜா


கிரான்பர்ன்
8.12.2024

அன்பின் அத்தானுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. அங்கே எப்படி?

உங்கள் கடிதத்தைக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியும் இறக்கியும் வாசித்து முடித்தேன். முதல் வரி சாதாரணம், கடைசி வரி எறும்பு அளவு. முப்பது வருடம் ரயில்வேயில் பாலங்களுக்குப் படம் கீறிய உங்கள் கையெழுத்தா இது? கடதாசியை மிச்சம் பிடிக்கிறீர்களா? நத்தார்ப் பண்டிகைக்கு நல்ல பேனை ஒன்று வாங்கி அனுப்புகிறேன்.

மலைக்குக் கூடாரம் பார்த்துவிட்டேன். இரண்டு பேர் நிமிர்ந்து நிற்கலாம். அக்காவும் வருவாளா? அவளுக்குக் கார் சத்தம் பிடிக்காது, ஆனால் எங்களைத் தனியே விடவும் பயப்படுவாள். கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
இந்திரன்


கிரான்பர்ன்
16.2.2025

அன்பின் அத்தானுக்கு,

எல்லோரும் சுகம்தானே? மார்கழியில் எழுதியதற்குப் பதில் இல்லை. பேனையும் வந்து சேர்ந்ததோ தெரியவில்லை.

நாலு தரம் போன் எடுத்தேன். அக்கா ஒரு நாள் "குளிக்கிறார்" என்றாள். ஒரு நாள் "படுத்திட்டார்" என்றாள். மற்ற இரண்டு நாளும் "கோயிலுக்குப் போயிட்டார்" என்றாள். நீங்கள் எப்போது இவ்வளவு பக்திமான் ஆனீர்கள்? அக்கா வராமல் தனியே கோயிலுக்குப் போகிற ஆள் இல்லையே நீங்கள்.

நான் ஏதாவது பிழையாக எழுதிவிட்டேனா? கமாரோவைப் பற்றிச் சொன்னது மனதில் தைத்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். பகிடிக்குத்தான் எழுதினேன்.

இரண்டு வரி எழுதினாலும் போதும்.

இந்திரன்


வென்ட்வேர்த்வில்
9.3.2025

அன்பின் இந்திரன்,

நலம், உன் நலமறிய ஆவல். உன் கடிதங்களும் பேனையும் கிடைத்தன. நல்ல பேனை. என் கண்ணாடி விழுந்து உடைந்துவிட்டது. புதுக் கண்ணாடி வரும்வரை நான் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதுகிறாள். கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்து யோசிக்காதே.

உன்னோடு எனக்கு என்ன கோபம்? நேற்றும் காருக்குப் பெற்றோல் அடித்துக்கொண்டு வரும்போது உன்னைத்தான் நினைத்தேன். லக்சிகாவுக்கு ஒரு நல்ல இடத்தில் பேச்சு வந்தால் விசாரித்துப் பார். அவளுக்கும் வயது போகிறது. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. வெறும் தேத்தண்ணீரோடு கிடக்காதே.

மலைப் பயணத்தை இந்த வருடம் விட்டுவிடுவோம். அங்கே குளிர் கூட. என் முழங்காலுக்கு ஒத்துவராது. வீட்டில் இருந்து வசதியாகப் பார்ப்போம். இந்த முறையும் எங்கள் ஹோல்டன்தான் ஓடி வெல்லும், நீதான் எழுதப் போகிறாய்.

கூடாரம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.

அன்புடன்,
அத்தான் வரதராஜா


கிரான்பர்ன்
27.4.2025

அன்பின் அத்தானுக்கு,

நான் சுகம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும்.

பதில் எழுத ஏழு கிழமை எடுத்துவிட்டேன். உங்கள் கடிதத்தை ஒரு தரம் அல்ல, பல தரம் வாசித்தேன். பயணத்தை விடுவோம் என்றீர்கள். சரி. கூடாரத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை, அது பாட்டுக்குக் கராஜில் இருக்கட்டும்.

நேற்று வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமின் நினைவு வந்தது. நான் அங்கே தடுப்பில் இருந்த காலத்தில் நீங்கள் ஒரு ஞாயிறு தவறவில்லை. அந்த வெள்ளைக் கொமடோர் அப்போது புதுசு. வேலிக்குள்ளே நின்று வாசலைப் பார்ப்பேன், காரைக் கண்டதும் வாசல் பக்கம் ஓடுவேன். அந்த ஐப்பசியில் பொது அறைத் தொலைக்காட்சியில் ரேஸ் போனது. ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் எல்லோரும் ஹோல்டன் பக்கம் போய் இருந்தார்கள். ஃபோர்டுக்கு ஆளே இல்லை. ஆளில்லாத பக்கத்தில் நான் போய் இருந்தேன். எங்களுடைய சண்டைக்கு அவ்வளவுதான் காரணம். தோற்றதை உங்களுக்கு எழுதிப் போட்டேன். அடுத்த முறை நீங்கள் வந்தபோது, "உனக்காக நான் ஓடி வாற கார் ஹோல்டன், நீ ஃபோர்டுக்குக் கைதட்டுறியோ?" என்று கேட்டீர்கள். அங்கே போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

பிறகு பார்த்தால் எனக்கு வேலை தந்ததும் ஃபோர்ட்தான். பதின்மூன்று வருடம் புரோட்மெடோஸ் தொழிற்சாலையில் கார்களுக்குக் கதவு பூட்டினேன். 2016இல் ஒரு வெள்ளிக்கிழமை தொழிற்சாலையை மூடினார்கள். அந்த ஞாயிறே பாத்தர்ஸ்டில் ஹோல்டன் வென்றது. நான் எழுத வேண்டிய வருடம் அது, கை ஓடவில்லை. அந்தக் கிழமை உங்கள் கடிதம் வந்தது. "வென்றவன் முதலில் எழுதுகிறேன். இந்த முறை மட்டும்" என்று இருந்தது. ரேஸைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதை வாசித்து நான் அழுத கதையை இதுவரை உங்களுக்குச் சொன்னதில்லை.

விதியை மீற வேண்டிய நேரத்தில் மீறலாம் என்று காட்டியவர் நீங்கள். அதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

ஆயிரம் கிலோமீற்றரை அந்த மலையில் யாரையும் தனியே ஓட விடமாட்டார்கள். ஒரு காருக்கு இரண்டு ஓட்டுநர். ஒருவர் களைத்தால் மற்றவர் ஏற வேண்டும். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அக்கா, வாசிக்கும்போது இந்த இடத்தைச் சற்று மெல்ல வாசியுங்கள்.

அன்புடன்,
இந்திரன்


வென்ட்வேர்த்வில்
8.6.2025

அன்புத் தம்பி இந்திரனுக்கு,

அக்கா எழுதுகிறேன். சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இனி உனக்குப் பொய் எழுத முடியாது.

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. வாசிக்க முதல் மனதுக்குள் பார்த்தேன், "மெல்ல வாசியுங்கள்" என்ற இடத்தில் தாளை மடித்துவிட்டேன். தேங்காய் துருவ வேண்டும் என்று சொல்லிக் குசினிக்குள் போய்விட்டேன்.

அத்தானுக்குப் பார்க்கின்சன்ஸ். டொக்டர் சொல்லி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. முதலில் வலது கை விரல் மட்டும் நடுங்கியது. பிறகு எழுத்துச் சின்னதாகிக்கொண்டே போனது. நீ அதைக் கவனித்துவிட்டாய். அவர் உன் மார்கழிக் கடிதத்தை வாசித்துவிட்டு அதற்குப் பிறகு பேனையைத் தொடவில்லை. தையில் டொக்டர் கார் ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். லைசென்ஸைத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். இப்போது பின்னேரங்களில் கராஜுக்குள் போய்க் காரில் ஏறி இருப்பார். பற்றரியும் செத்துவிட்டது. சும்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருப்பார். நான் தேத்தண்ணீரை அங்கேயே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

"அவனுக்குச் சொல்லாதை. நான் கார் ஓடிப் போய்த்தான் அவனைப் பாத்தனான். அவன் என்னை இந்த நிலைமையில வந்து பாக்கக் கூடாது" என்றார். சத்தியம் வாங்கிவிட்டார். போன மாசிக் கடிதத்தில் உன் மனம் நொந்திருந்தது தெரிந்ததால்தான் அவர் பெயரில் நானே எழுதினேன். அவர் ஒரு வரியும் சொல்லவில்லை. அவருக்கு இது தெரியவும் தெரியாது.

எப்படிக் கண்டுபிடித்தாய்? அவர் பேசுவது போலத்தானே எழுதினேன்?

நீ வரப்போகிறேன் என்று வெளிக்கிட்டுவிடாதே. அவர் கூப்பிடாமல் நீ வந்து நின்றால் உடைந்துபோவார். எனக்காகப் பொறு.

அக்கா
சிவனேஸ்வரி


கிரான்பர்ன்
15.6.2025

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு காருக்குள் அரை மணித்தியாலம் இருந்தேன். எனக்கும் அதே இடம்தான் கிடைத்தது.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டீர்கள். "எங்கள் ஹோல்டன்தான் ஓடி வெல்லும்" என்று எழுதியிருந்தீர்கள். ஹோல்டன் ஓடுவதை நிறுத்தி மூன்றாவது வருடம் அக்கா. அத்தான் தன் பெயரை மறந்தாலும் அதை மறக்க மாட்டார். பிறகு லக்சிகாவின் கலியாணமும் என் சாப்பாடும். இருபத்துமூன்று வருடத்தில் அத்தான் ஒரு நாளும் நான் சாப்பிட்டேனா என்று கடிதத்தில் கேட்டதில்லை.

ஏழு கிழமை நான் ஏன் எழுதவில்லை என்று இப்போது விளங்கியிருக்கும். பயம். என்னவென்று கேட்டால் நீங்கள் சொல்லிவிடுவீர்களோ என்ற பயம்.

பொறுக்கிறேன். ஆனால் அவர் ஒரு சொல் கூப்பிட்டால் போதும், அன்றே வெளிக்கிடுவேன். எனக்கு நடுக்கம் வந்திருந்தால் அவர் எத்தனை ஞாயிறு விட்டிருப்பார்? அதை மட்டும் அவருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

உங்கள் உடம்பைப் பாருங்கள். காருக்குள் தேத்தண்ணீர் கொண்டுபோகும்போது உங்களுக்கும் ஒரு கோப்பை கொண்டுபோய்ப் பக்கத்தில் இருங்கள்.

தம்பி
இந்திரன்


வென்ட்வேர்த்வில்
31.10.2025

அன்புத் தம்பிக்கு,

நீ சுகம் என்று நினைக்கிறேன். உன் ஃபோர்ட் வென்றதே, ஆறு வருடத்துக்குப் பிறகு. எனக்கே தெரிந்தது. பன்னிரண்டாம் திகதி பின்னேரம் ஃபோர்ட் மஸ்டாங் முதலில் வந்ததைப் பார்த்துவிட்டு அவர் கதிரையில் சாய்ந்து சிரித்தார். "இனி நான்தான் எழுத வேணும்" என்றார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

நீ ஒரு சத்தமும் காட்டாமல் இருந்தாய். விதிப்படி இருந்தாய் என்று தெரியும். அந்த நாட்களில் இங்கே நடந்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு நாளும் காலைச் சாப்பாடு முடிய மேசையில் போய் இருப்பார். நீ அனுப்பிய பேனையை எடுப்பார். இரண்டு சொல் எழுதுவார், கிழித்துப் போடுவார். "நான் எழுதித் தாறன்" என்று கேட்டேன். "இது அவன்ரை கடிதம். நீ தொடாதை" என்று சத்தம் போட்டார். என்னிடம் சத்தம் போடுகிற மனிதரா அவர்? பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

பத்தொன்பதாம் நாளான நேற்று உன் கடிதங்கள் இருக்கிற பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். நாள் முழுவதும் தேடினார். ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, "அவன் அப்பவே எழுதிப்போட்டான். நான் பேரை மட்டும் மாத்தினாச் சரி" என்றார்.

மேலே உள்ள பெயரை வெட்டி உன் பெயரை எழுதினார். கீழே உன் பெயரை வெட்டித் தன் பெயரை எழுதினார். இன்று காலை பத்து மணிக்குத் தொடங்கி மத்தியானச் சோற்றுக்கு முன் முடித்தார். நான் பக்கத்தில் நின்றேன், கை வைக்கவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் அக்கா


[உடன் வந்த கடிதம். மடிப்புகளில் நைந்த கோடு போட்ட தாள். மேலும் கீழும் உள்ள பெயர்கள் வெட்டப்பட்டு, பக்கத்தில் நடுங்கிய பெரிய எழுத்தில் வேறு பெயர்கள்.]

வில்லாவுட்
8.10.2001

அன்பின் ~~அத்தான்~~ இந்திரன்,

தோற்றுவிட்டேன். உங்கள் கார்தான் வென்றது. ஒப்புக்கொள்கிறேன்.

கை நடுங்குகிறது. எழுத்து வடிவாக வரவில்லை. குறை நினைக்க வேண்டாம். இங்கே இருக்க இருக்க நான் ஒன்றுக்கும் உதவாதவன் ஆகிவிட்டேன் போல இருக்கிறது. நீங்கள் வரும் நாளை வைத்துத்தான் மற்ற நாட்களை எண்ணுகிறேன்.

அடுத்த வருடம் அந்த மலையில் இரண்டு பேரும் வெளியில் நின்று பார்க்க வேண்டும். என்னை வந்து கூட்டிக்கொண்டு போங்கள்.

~~இந்திரகுமார்~~ வரதராஜா


கிரான்பர்ன்
5.11.2025

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் தோல்வியை ஏற்றுக்கொண்டேன். கோப்பில் போடவில்லை, சட்டைப் பையில் இருக்கிறது.

கூப்பிட்டுவிட்டீர்கள். நாளை விடியக் காலை வெளிக்கிடுகிறேன். இந்தக் கடிதம் வருவதற்கு முதல் நானே வந்துவிடுவேன். ஆனாலும் வென்றவன் பதில் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ரேஸ் முடிந்துவிட்டது என்று யோசிக்க வேண்டாம். ரேஸ் இல்லாத நாட்களில் அந்த மலைப் பாதை ஊர்ச் சாலைதான். அதிலே வீடுகள் இருக்கின்றன, ஆட்கள் கடைக்குப் போய் வருகிறார்கள். மணிக்கு அறுபதுக்கு மேல் போகக் கூடாது. உங்களுக்கும் எனக்கும் அது போதும்.

உங்கள் கொமடோரிலேயே போவோம். புதுப் பற்றரி வாங்கி என் காரின் பின்னால் வைத்திருக்கிறேன். நான் ஓட்டுகிறேன். ஹோல்டன் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணிய கை இதுதான். முருகனிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீங்கள் பக்கத்தில் இருந்து எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொண்டு வாருங்கள்.

உங்கள்
இந்திரன்


வென்ட்வேர்த்வில்
11.11.2025

அன்புத் தம்பிக்கு,

பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தாய் என்று லக்சிகா சொன்னாள். இங்கே இரண்டு பேரும் சுகம். இந்த முறை உண்மையாகவே எழுதுகிறேன்.

மலையின் உச்சியில் நீ காரை நிற்பாட்டி, முன்னால் போய் என்ஜின் தண்ணீர் பார்த்தாயே, கனநேரம் திறந்த என்ஜின் மூடிக்குப் பின்னால் நின்றாயே, நீ அழுதது எங்கள் இருவருக்கும் தெரியும். "அவனை விடு, ஹோல்டனை முதல்தரம் ஓடினால் அப்பிடித்தான்" என்றார். அந்த நீளமான இறக்கத்தில் உனக்குக் கியர் மாற்றச் சொல்லி அவர் போட்ட சத்தம் போல உற்சாகமான குரலை ஒரு வருடமாக நான் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் நீ பெற்றோல் அடிக்கப் போன நேரம், கடையில் ஒரு மலைப் படம் போட்ட தபாலட்டை வாங்கித் தரச் சொன்னார். வீட்டுக்கு வந்ததிலிருந்து மேசையில் இருந்து எழுதினார். ஒரு நாளைக்கு இரண்டு சொல்லாக மூன்று நாள். நான் முத்திரை மட்டும் ஒட்டினேன். அவர் சொல்லித்தான் இந்தக் கடிதத்தோடு வைக்காமல் தனியே தபாலில் போடுகிறேன்.

அக்கா


[தபாலட்டை. அக்காவின் கடிதத்துக்கு அடுத்த நாள் வந்தது.]

இந்திரன்,

ஒரு சுற்று முடிந்தது.
நூற்றறுபது இருக்கு. வா.

வரதராஜா